காரணம் கேட்டு வந்தவர்கள்

அறுபத்தாறாம் வருஷம், சித்திரை மாதம். ஆவாரங்குளத்துக் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வறண்ட கண்மாயாலும் ஒரு பிரயோசனம் உண்டு. அடியில் படிந்த கரம்பை மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு அடித்துவிட்டால் அடுத்த மழைக்கு வெள்ளாமை நன்றாக வரும். ஊரே அந்த வேலையில் இருந்தது. அருஞ்சுனையும் வீரபத்திரனும் கூட்டாக மண் அடித்தார்கள். அவர்களுக்கு எல்லாமே கூட்டுத்தான். ஆளுக்கு ஒரு மாடுதான் இருந்தது; இரண்டையும் சேர்த்துப் பூட்டினால்தான் ஏர் ஓடும், வண்டி நகரும்.

உச்சிப்பொழுதில் அருஞ்சுனையின் மனைவி சங்கரம்மாள் வீட்டுக்குப் பின்னால் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். கண்மாய்ப் பக்கமிருந்து கூப்பாடு கேட்டது. யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். கரையேறிப் பார்த்தபோது ஆட்கள் எட்ட நின்றார்கள். நடுவில் வீரபத்திரன் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் அருஞ்சுனை குத்தவைத்து உட்கார்ந்து, தன் தலைத்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கிடந்தவன் மேல் வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தான். மம்பட்டி அவன் காலடியில் கிடந்தது.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினாள் சங்கரம்மாள். வீரபத்திரனை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"வெட்டிட்டேன்" என்றான் அருஞ்சுனை.

"யாரு?"

"நான்தான், சங்கரம்மா."

"ஏன்? எதுக்கு?"

பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ கேட்கிறாள் என்பதுபோல அவன் அவளைப் பார்த்தான். பிறகு துண்டைச் சரியாக விரித்துப் பிடித்தான். போலீஸ் வந்து கையைப் பிடிக்கும்வரை துண்டை விடவில்லை.

இருவருக்கும் சண்டை எதுவும் நடக்கவில்லை என்று கண்மாயில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். சற்று முன்னால்தான் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்திருந்தார்கள். வெங்காயத்தை வீரபத்திரன் கடித்து, பாதியை அருஞ்சுனைக்குக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

சண்டை இல்லை என்றால் வேறு ஏதாவது இருந்தாக வேண்டும் அல்லவா? அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் காரணம் தேடக் கிளம்பிவிட்டது.

முதலில் வந்தவர் கோயில் பூசாரி. "உச்சி வேளையில கண்மாய்க்குள்ள நின்னா முனி அடிக்காம என்ன செய்யும்? அடிச்சது முனி, கைதான் இவன் கை" என்றார். சங்கரம்மாளுக்கு அது அன்றைக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் விசாரிக்க வந்த ஏட்டு சீனிச்சாமி, மீசையைத் தடவிக்கொண்டே, "இவன் தாத்தன் ரேகை வச்சவனா?" என்று கேட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பக்கத்து ஆம்பிளைகள் ஸ்டேஷனில் கைரேகை வைத்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது.

"ஊரு ஆம்பளைக எல்லாருந்தான் வச்சாக ஐயா" என்றாள் சங்கரம்மாள். "செத்துப் போனவுக தாத்தாவுந்தான் வச்சாக."

"அது ரத்தத்துல ஊறுனதும்மா. ஒருத்தனுக்கு உள்ள கிடக்கும், ஒருத்தனுக்கு வெளிய வரும்" என்றார் ஏட்டு. கெட்ட மனுஷர் இல்லை. அவளுக்கு மோர் வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிள்ளை இல்லாத கிறுக்கு என்றார்கள் சிலர். சாராயம் என்றார்கள் சிலர். அருஞ்சுனைக்கு அந்த வாடையே ஆகாது. சனி பார்க்கிறான், ஏழரை நடக்கிறது என்று அருப்புக்கோட்டையில் ஜோசியர் கட்டம் போட்டுச் சொன்னார். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பேச்சு ஓடியது. அது அவள் முன்னால் பேசப்படவில்லை. கிணற்றடிக்கு அவள் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அவளுடைய முகத்தையும் இடுப்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

சங்கரம்மாளும் தேடாமல் இல்லை. அன்று காலையில் கூரை வேயாததற்காக அவனை அவள் ஏசியிருந்தாள். "நீரெல்லாம் ஒரு ஆம்பளையா" என்று கேட்டிருந்தாள். அந்த வார்த்தை அவன் நெஞ்சில் கிடந்து வெந்து, வேறு யார் தலையிலோ போய் விழுந்துவிட்டதோ? இல்லை, கஞ்சி புளித்துப் போயிருந்ததா? புளித்த கஞ்சி குடித்தால் மண்டைக்குள் ஏதாவது ஆகுமா? ஆள் இல்லாத வீட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் காலையை நூல் நூலாகப் பிரித்துப் பார்ப்பாள். கூரையும் அப்படியே பிய்ந்துதான் கிடந்தது.

வீரபத்திரனின் மனைவி முத்துலட்சுமியும் சங்கரம்மாளும் ஒருவருக்கொருவர் மதினி. ஒரே வருஷம் கல்யாணமாகி ஆவாரங்குளத்துக்கு வந்தவர்கள். கருப்பட்டியோ மொச்சைப்பயறோ எது கிடைத்தாலும் பாதி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காரியம் முடிந்த கையோடு முத்துலட்சுமியின் அண்ணன் வந்து அவளைப் பாலவனத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி ஊரைத் தாண்டும்போது சங்கரம்மாள் வாசலில் நின்றாள். முத்துலட்சுமி வண்டிக்குள்ளிருந்து தலையைத் திருப்பவில்லை.

கேஸ் மதுரைக் கோர்ட்டுக்குப் போனது. அருஞ்சுனையின் அண்ணன் மொக்கையன் தன் ஆட்டுக்கிடையை விற்று ஒரு வக்கீலைப் பிடித்தார். வக்கீல் பெயர் ராஜகுரு. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், மதுரையில் பெயர் எடுத்தவர். கேஸ் விசாரணைக்கு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மொக்கையனையும் சங்கரம்மாளையும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார்.

"கொன்னது இவன்தான்னு இவனே சொல்லிட்டான். பாத்த சாட்சி ஏழெட்டுப் பேரு இருக்கான். இல்லைன்னு நம்ம வாதாட முடியாது" என்றார் வக்கீல். "ஏன் கொன்னான்னுதான் வாதாடணும்."

"முனி அடிச்சிருச்சுன்னு..." என்று ஆரம்பித்தார் மொக்கையன்.

"முனியைக் கோர்ட்டுக்குக் கூப்பிட முடியாதுய்யா." வக்கீல் சிரிக்கவில்லை. சங்கரம்மாள் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. ஒரு மனுஷன் தாங்க முடியாத கோவத்துல, ரோஷத்துல, சட்டுன்னு கை நீட்டிட்டான்னா சட்டம் அதைக் கொஞ்சம் எறக்கித்தான் பாக்கும். ஏழெட்டு வருஷத்துல வெளிய வந்துருவான். காரணமே இல்லாம கொன்னான்னா ஜட்ஜுக்குப் பயம் வந்துரும். தூக்குன்னு எழுதினாலும் எழுதிருவார். அதனால ஒரு காரணம் வேணும்."

"அவுகளுக்குள்ள பகை எதுவும் கிடையாதே ஐயா."

"பகை வேணாம். செத்தவன் உங்கிட்டத் தப்பா நடந்தான்னு நீ சொன்னாப் போதும். கையைப் பிடிச்சு இழுத்தான். அதைக் கண்மாயில வச்சு இவன்கிட்டயே சொல்லிச் சிரிச்சான். இவனுக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. அம்புட்டுத்தான். செத்தவனுக்கு அதுல என்ன குறைஞ்சிரப் போகுது?"

மொக்கையன்தான், "சொல்லிருவா ஐயா. எந்தம்பி உசுரு. சொல்லாம என்ன?" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது காரியாபட்டி தாண்டியதும் தணிந்த குரலில் கேட்டார். "நெசமாவே அப்படி ஒண்ணு இருந்துச்சா தாயி? இருந்தா எங்கிட்டச் சொல்லு. நான் உங்க அப்பன் மாதிரி."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபுறமும் கரிசல் காடு வெறுமனே கிடந்தது. அவளை அறிந்த மனுஷரே இப்படிக் கேட்டுவிட்டார். கேட்கும்போது அவர் கண்ணில் ஒரு நிம்மதி, வழி தெரிந்துவிட்டது போன்ற நிம்மதி இருந்ததையும் பார்த்தாள்.

விசாரணை அன்று சங்கரம்மாள் கூண்டில் ஏறினாள். எதிரில் கம்பிக்குப் பின்னால் அருஞ்சுனை நின்றான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. பின்வரிசைப் பெஞ்சில் முத்துலட்சுமி தன் அண்ணனோடு வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இறந்துபோன வீரபத்திரன் உங்க வீட்டுக்கு வந்துபோவது உண்டா?" என்று கேட்டார் வக்கீல்.

"உண்டுங்க."

"உங்க வீட்டுக்காரர் இல்லாத சமயத்திலும் வருவாரா?"

"வருவாகங்க. மாட்டுக்குத் தண்ணி காட்ட வருவாக."

"அப்படி வந்தபோது உங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டார்? கூச்சப்படாம கோர்ட்டுக்குச் சொல்லணும்."

சங்கரம்மாள் பெஞ்சைப் பார்த்தாள். முத்துலட்சுமி நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் தங்கச்சியாத்தாங்க" என்றாள் சங்கரம்மாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "பயப்படாம யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன். அவுக எனக்கு அண்ணன். ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

கோர்ட்டில் யாரோ இருமினார்கள். மொக்கையன் எழுந்து வெளியே போனார். கம்பிக்குப் பின்னால் நின்ற அருஞ்சுனை முதல்முறையாகத் தலையை ஆட்டினான், சரி என்பதுபோல. அந்தத் தலையாட்டல்தான் பிற்பாடு அவளுக்கு மிஞ்சியது.

ஜட்ஜு ஆயுள் தண்டனை கொடுத்தார். மொக்கையன் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். "புருஷனைக் காவு கொடுத்திட்டு நல்ல பேரு வாங்கிக்கிட்டா" என்று ஊரில் சொன்னார். ஆனால் நல்ல பேர் யாரும் கொடுக்கவில்லை.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? அதை விற்றாள். குத்தகைக் காடும் போனது. கரிமூட்ட வேலைக்குப் போனாள். கருவேல மரங்களை வெட்டிக் கும்பலாக நிறுத்தி, மேலே தழை பரப்பி, ஈரமண் பூசி மூடி, உள்ளே தீ வைத்துவிட வேண்டும். தீ எரியக் கூடாது, அணையவும் கூடாது. புகைந்துகொண்டே விறகு கரியாகும்வரை ஒரு ஆள் கூடவே கிடந்து, எங்கே மண் வெடிக்கிறதோ அங்கே பூசிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் பிள்ளை குட்டி உள்ளவர்கள் அந்தக் காவலுக்கு வரமாட்டார்கள். சங்கரம்மாளுக்கு அது தோதாக இருந்தது. ஊருக்குத் தெற்கே பொட்டலில் மூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக்கொட்டகை. கரி லோடு ஏற்ற லாரி வரும் நாளில் மட்டும் மனுஷக் குரல் கேட்கும். மற்ற நாளெல்லாம் புகை, காற்று, ஆட்காட்டிக் குருவி. சில நாட்களில் பொழுது சாயும் நேரத்தில் அவள் தன் குரலைத் தானே கேட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா, "ஏ மதினி" என்று கூப்பிடுவாள்.

ஆரம்பத்தில் மதுரை ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். கம்பிவலைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "மழை பேஞ்சுச்சா?" என்று கேட்பான். சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை கேட்காது. அத்தனை பேர் நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு வாய் வராது. பிறகு அவனே, "அலையாத. காசுக்கு என்ன செய்வ?" என்று சொல்லிவிட்டான். போவது குறைந்தது.

எழுபதுக்குப் பிறகு ஒரு வருஷம், மதுரையில் ஒரு காலேஜில் பாடம் சொல்லும் சுந்தராம்பாள் என்ற அம்மா பொட்டலுக்கே அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். கண்ணாடி போட்டவள், பரளச்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தாள். ஆயுள் கைதிகளின் குடும்பங்களைப் பார்த்து விசாரிக்கிறாளாம். அருஞ்சுனையின் அப்பா அவனை அடிப்பாரா, சின்ன வயசில் பட்டினி கிடந்தானா, எப்போதாவது தலையில் அடிபட்டதா, அம்மா எப்போது செத்தாள் என்று கேட்டாள். சங்கரம்மாள் தெரிந்ததைச் சொன்னாள். அடிப்பார். பட்டினி எல்லோரும்தான் கிடந்தார்கள். அம்மா செத்தபோது அவன் பால்குடி.

"இதெல்லாம் எதுக்கும்மா கேக்கிறீக?"

"ஒரு மனுஷன் எதனால குற்றம் செய்யறான்னு கண்டுபிடிச்சா, இன்னொருத்தன் செய்யாம தடுக்கலாம் இல்லையா?" என்றாள் அந்த அம்மா. "பிறவியிலேயே யாரும் கெட்டவன் இல்லை. வறுமை, வளர்ப்பு, பழக்கம், இப்படி ஏதோ ஒண்ணு தள்ளுது. அது என்னன்னு தேடுறோம்."

இவ்வளவு நாளில் காரணம் கேட்டு வந்தவர்களில் நல்லதுக்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்று சங்கரம்மாளுக்குப் பட்டது. "கண்டுபிடிச்சா எனக்கும் வந்து சொல்லுங்கம்மா" என்றாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சொல்றேன்" என்றாள். போகும்போது தன் குடையைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். மறந்து போனதா, வேண்டுமென்றே வைத்ததா தெரியவில்லை. மறுபடி அவள் வரவில்லை.

எழுபத்தாறில் அருஞ்சுனை விடுதலையாகி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜெயிலில் தறி நெய்து கை மெத்தென்று ஆகியிருந்தது. ஊரில் யாரும் அவனை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவனுக்காக அவள் திறந்து வைத்திருந்த ஊர் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பவன்போல அவளைப் பார்த்தான். சோறு போட்டாள். வைத்ததை எல்லாம் தின்றான். பாத்திரத்தைத் தானே கழுவி வைத்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள். பத்து வருஷம் மனசுக்குள்ளே கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி, வெளியே வரும்போது சாதாரணமாகத்தான் வந்தது.

"அன்னைக்கி ஏன் அப்படிச் செஞ்சீக?"

"ஜெயிலுக்குள்ள கேட்டவுகளுக்கெல்லாம் ஒவ்வொண்ணு சொன்னேன்" என்றான். "ஒரு பாதிரியாரு வந்து கேட்டாரு. சாத்தான் ஏவுனான்னேன். அவருக்குச் சந்தோசம். டாக்டர் கேட்டாரு, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னேன். கூட இருந்தவனுக கேட்டானுக, வரப்புத் தகராறுன்னேன். அப்படிச் சொன்னாத்தான் அவனுக மதிப்பானுக. எதைச் சொன்னாலும் சொன்ன அன்னைக்கி அதுதான் நெசம்போல எனக்கே இருக்கும். மறுநா இருக்காது."

"காலையில நான் ஏசினேன். அதுனாலயா?"

"ஏசினியா?" என்று கேட்டான். அவனுக்கு அது ஞாபகமே இல்லை.

"அப்ப நெசந்தான் என்ன?"

"அவன் குனிஞ்சு மண்ணு அள்ளிக்கிட்டிருந்தான். பிடரி தெரிஞ்சுச்சு. எங்கையில மம்பட்டி இருந்துச்சு." கையை விரித்துப் பார்த்தான். "அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"கோவம் வந்துச்சா?"

"இல்ல."

"வேற எதுவும்?"

"ஒண்ணுமில்ல, சங்கரம்மா. அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் அவள் அடுப்பு ஊதக் குனிந்தாள். அவன் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து பல்குச்சியை மென்றுகொண்டிருந்தான். குனிந்தவளுக்குப் பிடரி குளிர்ந்தது. ஒரு விரல் தொட்டதுபோல அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. சட்டென்று நிமிர்ந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் போய் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்து ஊதினாள். புகை கண்ணில் அடித்தது. அன்றிலிருந்து அவள் அவனுக்கு முதுகு காட்டவில்லை. வாசல் பெருக்கும்போதும், குடம் தூக்கும்போதும் முகம் அவன் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். அவன் மேல் கோபமோ வெறுப்போ இல்லை. முனி என்றோ ரோஷம் என்றோ அவன் ஒரு காரணம் சொல்லியிருந்தால், அந்தக் காரணம் வராமல் பார்த்துக்கொண்டு அவளால் வாழ்ந்திருக்க முடியும். ஒன்றுமில்லை என்பதை எந்தப் பக்கம் நின்று காப்பது?

அருஞ்சுனை ஒரு நாள், "முத்துலட்சுமியைப் பாத்து, கால்ல விழுந்திட்டு வந்திரணும்" என்றான். இருவரும் அருப்புக்கோட்டை போய் பஸ் மாறிப் பாலவனத்தத்தில் இறங்கினார்கள். முத்துலட்சுமி அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சுவரையொட்டி இறக்கிய ஒரு சாய்ப்பில் தனியாக இருந்தாள். வாசலில் நெல் காயப்போட்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்தாள், ஓடவில்லை, கத்தவில்லை. அருஞ்சுனை நெல்லுக்கு இந்தப்புறமே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எந்திரிங்க" என்றாள் முத்துலட்சுமி. "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. எந்த ஆம்பளைதான் பொறுத்துக்கிருவான்? எல்லாம் எனக்குத் தெரியும்."

சங்கரம்மாளுக்குப் புரியவில்லை. "என்ன மதினி தெரியும்?"

முத்துலட்சுமி அவளைப் பார்க்காமலே பேசினாள். "உன் மூத்த மச்சான் மொக்கையன் அப்பவே எங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டாக. என் வீட்டுக்காரர் உன் கையைப் பிடிச்சதையும், நீ வெக்கத்துல கோர்ட்டுல மறைச்சதையும். எந்தப் பொம்பளைதான் அதைச் சபையில சொல்லுவா? அன்னைக்கிப் பெஞ்சுல உக்காந்திருந்த என் மூஞ்சியைப் பாத்துத்தான் நீ மறைச்சேன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் செத்தவுகளுக்கு ஒரு அமாவாசைக்குக்கூட நான் படையல் வச்சதில்ல. துரோகிக்கு என்ன சோறுன்னு விட்டுட்டேன்."

கோர்ட்டில் சங்கரம்மாள் சொன்ன உண்மையே அந்தப் பொய்க்குச் சாட்சியாகிவிட்டிருந்தது.

"ஐயோ மதினி, அப்படி ஒண்ணுமே இல்ல. அவுக எனக்கு அண்ணனாத்தான் இருந்தாக. வக்கீலு சொல்லச் சொன்னாரு. நான் மாட்டேன்னேன்."

முத்துலட்சுமி அருஞ்சுனையைப் பார்த்தாள். "நெசமா?"

"நெசம் தாயி. வீரபத்திரன் மேல ஒரு தப்பும் கிடையாது" என்றான் அவன்.

"அப்ப எதுக்குக் கொன்னீக?"

அவன் தலை குனிந்து நின்றான். "தெரியல" என்ற வார்த்தை அவன் உதட்டில் வந்தது, சத்தமாக வரவில்லை.

காக்கைகள் நெல்லில் இறங்கின. யாரும் விரட்டவில்லை. முத்துலட்சுமியின் முகத்தில் இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. "அவுகளை வைஞ்சுக்கிட்டே காலத்தை ஓட்டிட்டேனே" என்றாள். "இனி யாரை வைய?" கொஞ்ச நேரம் கழித்து, "போங்க. ரெண்டு பேரும் போயிருங்க. இனி வராதீக" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் வெவ்வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அடுத்த அமாவாசையன்று சங்கரம்மாள் பாலவனத்தத்துப் பக்கம் பார்த்து நின்றாள். முத்துலட்சுமி படையல் வைத்தாளா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை.

அவள் முதுகு காட்டாமல் நடப்பதை அருஞ்சுனை கவனித்திருந்தான். ஒரு நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு, "மூட்டத்துக் காவலை நான் பாத்துக்கிறேன். நீ வீட்டுல இரு" என்று கிளம்பினான். அவள் தடுக்கவில்லை. தினமும் கஞ்சி கொண்டுபோவாள். அவன் கொட்டகையிலிருந்து வெளியே வந்து எட்ட உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் அவள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வான். அவள் திரும்பி ஊர்ப்பக்கம் நடக்கத் தொடங்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். அவளுக்கு அழுகை வரும். அழுதுகொண்டே வேகமாக நடப்பாள். கரிப்புகை நெஞ்சில் கட்டி, இரண்டு வருஷத்தில் அவன் இறந்துபோனான். எடுத்துப்போட ஆள் சேரவில்லை. பேசாதிருந்த மொக்கையன்தான் வந்து கொள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வருஷம் அவள் மிளகாய்ப்பழம் எடுக்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நரிக்குடிப் பக்கத்தில் ஒருவன் கூடப்பிறந்த தம்பியைக் குத்திக் கொன்றுவிட்டதாகச் செய்தி வந்தது. நிரை பிடித்து வரிசையாகப் பழம் எடுத்துக்கொண்டே பெண்கள் அதையே பேசினார்கள். சொத்து என்றாள் ஒருத்தி. குடி என்றாள் இன்னொருத்தி. பெண்டாட்டி சரியில்லை என்றாள் மூன்றாமவள். பிறகு ஒருத்தி சங்கரம்மாள் பக்கம் திரும்பி, "நீ சொல்லுக்கா. உனக்குத் தெரியாததா?" என்றாள்.

சங்கரம்மாள் மடியில் இருந்த பழத்தைக் கூடையில் கொட்டினாள். "அந்தப் பொண்டாட்டிக்கு யாராச்சும் சோறாக்கிக் கொடுத்தாகளா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் கொஞ்சம் அரிசியும் பருப்பும் முடிந்துகொண்டு நரிக்குடி பஸ் ஏறினாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவு சாத்தியிருந்தது. தெருவில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தட்டினாள். வெகு நேரம் கழித்து ஒரு இளம்பெண் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். தலை சீவி எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னை ஒண்ணும் கேக்காதீக" என்றாள் அந்தப் பெண்.

"நான் கேக்க வரல ஆத்தா. அடுப்பு பத்த வைக்கணும். வெறகு கிடக்கா?"

அந்தப் பெண் அவளையும் அவள் கை முடிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவை விட்டுவிட்டு உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தாள். சங்கரம்மாள் உள்ளே நுழைந்தாள். கொல்லைப்பக்கம் விறகு கிடந்தது. அடுப்பில் சாம்பலை அள்ளிவிட்டு, சுள்ளியை ஒடித்து வைத்து, குனிந்து ஊதினாள். பின்னால் அந்தப் பெண் மெள்ள அழ ஆரம்பித்தது கேட்டது. உலை கொதிக்கும்வரை சங்கரம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை.